பயிற்சி நீர்மூழ்கியும் ஒரு தட்டுத் திருநீறும்

அந்த நீர்மூழ்கி தன் சேவைக்காலம் முழுவதிலும் மோதியது ஒரேயொரு இலக்கைத்தான். அது அதன் சொந்தப் பக்கத்து இறங்குதுறை. இரண்டு தடவை மோதியது. இரண்டும் காலை வேளை, இரண்டு நாளும் கடல் அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. முதல் தடவை ஒரு மாணவனின் பிழை என்று பதிவேடு சொல்கிறது. இரண்டாம் தடவை யாருடைய பிழை என்பதைப் பற்றிப் பதிவேடு வாய் திறக்கவில்லை. ஆகவே அது ஆசிரியரின் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்கீவ நகரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்னத் துறைமுகத்தில் அதைக் கரையேற்றி, மரக்குற்றிகளின் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பராமரிப்பது ஒரு சங்கம். டென்மார்க்கில் மூன்று பேர் ஒரு விடயத்தில் ஒத்துப்போனால் உடனே சங்கம் தொடங்கி, தலைவரைத் தெரிவு செய்து, கோப்பி ஊற்றிவிடுவார்கள். எங்கள் ஆட்களும் சங்கம் தொடங்குவதில் சளைத்தவர்கள் அல்ல. நாங்கள் ஒத்துப்போகாதபோது தொடங்குவோம், அதுதான் வித்தியாசம்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் நான் அண்ணை என்று கூப்பிடும் நண்பர். பம்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுமாதமே இந்தப் படகின் டீசல் எஞ்சினுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டார். புதன்கிழமைகளில் அங்கே கூடும் எட்டு டெனிஷ் முதியவர்களுக்கு அவர் ஒன்பதாமவர். நான் பத்தாமவன். நானோ ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் பஞ்சு, ஊசி, மருந்துத் தண்ணீர்ப் பைகளின் காலாவதித் திகதிகளைச் சரிபார்க்கிறவன். இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது.

"இவர் திகதி பாக்காமல் தண்ணியும் குடிக்கமாட்டார்" என்றுதான் அண்ணை என்னைச் சங்கத் தலைவிக்கு அறிமுகப்படுத்தினார், டெனிஷில்.

தலைவி முன்னாள் பள்ளிக்கூட அதிபர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வாழைப்பழப் பெட்டி நிறையப் போட்டோப் பிரதிகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். படகின் பதிவேடுகள், கடிதங்கள், திருத்த வேலைப் பட்டியல்கள். "இதை யாராவது ஒழுங்காக எழுதவேண்டும் என்று பல வருடங்களாகக் காத்திருக்கிறோம்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புதுக் கொப்பி ஒன்றில் முதல் வரியை எழுதினேன். கிழமை, திகதி, மழை, பெட்டியின் நிறை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கி என்றதும் நானும் மற்றவர்களைப் போலத்தான் எதிர்பார்த்தேன். நள்ளிரவுத் தாக்குதல், எரியும் கப்பல்கள், தாடி வளர்த்த கப்டன். பெட்டியில் இருந்ததோ பள்ளிக்கூடத்து நேரசூசி. ஜெர்மன் கடற்படை பால்டிக் கடலில் மாணவர்களைப் பழக்குவதற்கென்றே வைத்திருந்த படகுகளில் இது ஒன்று. போர்முனைக்குப் போகவே இல்லை. காலையில் புதுப் பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். மூழ்கும். எழும்பும். மூழ்கும். எழும்பும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரைக்கு வரும். எத்தனை தடவை மூழ்கியது என்று இரண்டு மாதம் உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு பதிவேடுகளும் ஒத்துவராதபடியால் தொகையை இங்கே சொல்லமாட்டேன்.

எனக்கு அது சாரதிப் பயிற்சிப் பள்ளிக் கார்களை நினைவூட்டியது. எல்லாருடைய பிழையையும் வாங்கி, எல்லாரும் கியரை நெரித்து, பாஸ் பண்ணியவுடன் ஒருவரும் திரும்பிப் பார்க்காத கார். போர் முடிந்த பிறகு படகு டெனிஷ் கைக்கு வந்து, ஒரு துறையில் கட்டப்பட்டு, மூழ்காத வகுப்பறையாகச் சில காலம் இருந்தது. பிறகு களஞ்சியமாக. பிறகு கடற்பறவைகளின் வீடாக. போர் முழுவதும் யாரையும் கொல்லாத போர்க்கப்பல் என்று சங்கத்துக்காக எழுதத் தொடங்கிய என் கட்டுரையின் முதல் பக்கத்தில் பெருமையாக எழுதி வைத்தேன். அண்ணைக்கு அந்த வரி பிடிக்கவில்லை.

"உது என்ன, நோஞ்சான் பிள்ளையைப் புகழுற மாதிரிக் கிடக்கு. எஞ்சினைப் பற்றி எழுது."

எஞ்சினைப் பற்றி எழுதவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது ஓடாது. ஓடவும் போவதில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு புதனும் எண்ணெய் போட்டு, துடைத்து, ஒரு வால்வைக் கழற்றி, பார்த்து, திரும்பப் பூட்டுவார். புரட்டாசி மாதம் வந்ததும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஆயுத பூசை எண்டைக்கு?"

"கோயிலில சனிக்கிழமை வைக்கினம்."

"கோயில்காரருக்குச் சனி லீவு. நான் கேக்கிறது உண்மையான நாள்."

பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை.

"அப்ப செவ்வாய்தான். எஞ்சினுக்கு என்ன, வேலைக்குப் போற அவசரமே?"

இந்த நாட்டில் எங்கள் விசேடங்கள் எல்லாம் வார இறுதிக்குத் தள்ளப்படுவது எனக்கு நெடுநாளைய மனக்குறை. சரியான நாளில் பூசை செய்ய ஒருவர் முன்வந்தால் மறுக்க என்னால் முடியவில்லை. செவ்வாயன்று களஞ்சியத்தில் லீவு எடுத்தேன். படகில் வேறு யாரும் இருக்கவில்லை. அண்ணையிடம் படகுக் கதவுப் பூட்டின் திறப்பு இருந்தது. அனுமதி கேட்கவேண்டுமா என்று நான் இழுத்தேன்.

"பூசைக்கு ஆரிட்ட அனுமதி கேக்கிறது? சாமியிட்டயே?" என்றார்.

இரும்பு ஏணியால் இறங்கி, வட்டக் கதவுக்குள் குனிந்து எஞ்சின் அறைக்குப் போனோம். சிவப்புத் துணி விரித்து ஸ்பானர்கள், குறடுகள், சுத்தியல் எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கினார். வாழைப்பழம், தேசிக்காய், சந்தனம், குங்குமம். ஒரு பித்தளைத் தட்டில் குவித்த திருநீறு. கற்பூரம் கொளுத்தினால் தீ எச்சரிக்கை மணி அடித்து ஊரே வந்துவிடும் என்பதால் பற்றறி மெழுகுதிரி. எஞ்சினின் ஆறு சிலிண்டர்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பயிற்சிக்குப் போன பையன்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ, எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது.

தேவாரம் பாடினார். இரும்புக் குழலுக்குள் அவருடைய குரல் இரண்டு மடங்காகக் கேட்டது. முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மணி."

"என்ன மணி?"

"பூசை மணியடாப்பா. நீயல்லே கொண்டுவாறன் எண்டனி?"

நான் அப்படிச் சொன்னதாக என் கொப்பியில் இல்லை. இருந்தாலும் விவாதிக்க நேரமில்லை. அண்ணை சுற்றிலும் பார்த்தார். வரிசையில் இருந்த பெரிய ஸ்பானரை எடுத்து, தலைக்கு மேலே போகும் புகைக்குழாயின் விளிம்பில் ஓங்கி அடித்தார். அருமையான நாதம். இன்னும் அடித்தார். குழாயின் மற்றப் பாதி சாக்குப்போன்ற துணியால் சுற்றிப் பூச்சுப் பூசப்பட்டிருந்தது. அந்தப் பூச்சில் வெடிப்பு விழுந்து, வெள்ளைத் தூள் மாவு அரிப்பதுபோல் மெல்ல இறங்கியது. நேரே திருநீற்றுத் தட்டுக்குள்.

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே தம்பி. மேலயிருந்தே திருநீறு கொட்டுது."

அவர் என் நெற்றியில் பூசினார். நான் அவர் சொன்னபடி ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டேன். அவரும் போட்டார். பிறகு மீதியைச் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளைக் கிழித்து மூன்று பொட்டலமாக மடித்தார். ஒன்று எனக்கு, ஒன்று அவருடைய வீட்டுச் சாமியறைக்கு, ஒன்று தலைநகருக்குப் பக்கத்தில், புரொண்பியில் இருக்கும் மகளுக்கு. மகளுக்கு அப்போது பிள்ளை பிறந்து மூன்று கிழமை ஆகவில்லை. முதல் பேத்தி.

நான் வீட்டுக்கு வந்து என் பொட்டலத்தின் மேல் கிழமையும் திகதியும் "நீர்மூழ்கி, எஞ்சின் அறை" என்றும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். கொப்பியிலும் எழுதினேன்: "மணிக்குப் பதில் குழாய். நாதம் நன்று."

பேத்தியின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு அண்ணையும் அக்காவும் புரொண்பி போனார்கள். பிறந்த நாளைச் சேர்த்து எண்ணுவதா விட்டு எண்ணுவதா என்று இரண்டு பக்கத்துச் சம்பந்திகளுக்குள்ளும் இழுபறி வந்து, என்னைத் தொலைபேசியில் கேட்டார்கள். சேர்த்து எண்ணச் சொன்னேன். அக்கா, அதாவது அண்ணையின் மனைவி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். கையைக் கழுவாமல் கதவுப் பிடியைத் தொடமாட்டார். அவர்தான் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளையின் நெற்றியில் ஒரு கீற்று இழுத்தார். போட்டோவும் வந்தது. நெற்றியில் வெள்ளைக் கோடு, ஒற்றைக் கண் திறப்பு, மகா கோபம்.

அடுத்த புதன்கிழமை நாங்கள் போனபோது படகின் வாசலில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. சங்க அறையில் கோப்பி ஊற்றியிருந்தும் ஒருவரும் குடிக்கவில்லை. தலைவி எழுந்து நின்று சொன்னார். காப்புறுதிக்காகப் படகைப் பார்க்க வந்தவர் குழாய்ச் சுற்றுகளைக் கண்டு முகம் சுளித்திருக்கிறார். அந்தக் காலத்து நீர்மூழ்கிகளில் சூடான குழாய் எதையும் அஸ்பெஸ்டஸ் கொண்டுதான் சுற்றினார்கள். சுற்று முழுதாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். உடைந்து தூளாகி மூச்சோடு உள்ளே போனால்தான் கெடுதல். குழாய்களிலிருந்து மாதிரிகள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். முடிவு வரும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது.

"எஞ்சின் அறையில் யார் எப்போது வேலை செய்தீர்கள், எதையாவது தட்டினீர்களா, உடைத்தீர்களா என்று ஒரு பட்டியல் வேண்டும்" என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லவேளை, எங்களிடம் அதற்கு ஒருவர் இருக்கிறார்."

எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஒன்பதாவது தலை மேசைவிரிப்பைப் பார்த்தது.

திரும்பி வரும்போது துறைமுகம் மறையும்வரை அண்ணை காரை ஓட்டினார். பிறகு ஆரம்பித்தார்.

"அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுதினியே?"

"ஓம்."

"என்னெண்டு எழுதினாய்?"

"மணிக்குப் பதில் குழாய் எண்டு."

"உனக்கு வேற வேலை இல்லையே? வெட்டிவிடு. அந்த மனிசி என்ர திறப்பை வாங்கிப்போடும்."

"அண்ணை, வெட்டினால் வெட்டினது தெரியும்."

"அப்ப கோப்பியை ஊத்திவிடு. எத்தினை பழைய கொப்பியில கோப்பிக் கறை கிடக்கு! ஊரில பள்ளிக்கூடம் முழுக்க அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரைதானே. அதுக்குக் கீழ இருந்துதான் படிச்சனாங்கள். என்ன நடந்தது எங்களுக்கு?"

"நீங்கள் கூரையை ஸ்பானரால அடிக்கேல்லை."

வட்டச் சந்தி வந்தது. காரைத் திருப்பிக்கொண்டே அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது. கார் வட்டத்தை விட்டு வெளியேறாமல் இரண்டாம் சுற்றுப் போனது.

"தம்பி. அந்தத் திருநீறு."

எனக்கும் அதே கணத்தில்தான் விளங்கியது.

"பிள்ளையின்ர நெத்தியில பூசினது."

மூன்றாம் சுற்றில் பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அண்ணை வந்த பாதையிலேயே துறைமுகத்துக்குக் காரை விட்டார். திறப்பைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

தலைவி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அண்ணையின் டெனிஷ் தொழிற்சாலையில் பழகியது, இயந்திரத்தை விளக்க அருமையானது, பூசையை விளக்கப் போதாது. ஆகவே நான் கொப்பியைத் திறந்து அந்தச் செவ்வாய்க்கிழமையை வரிவரியாக டெனிஷில் சொன்னேன். சிவப்புத் துணி. தேசிக்காய். ஆறு சந்தனப் பொட்டு. மணி கொண்டுவராதது யாருடைய பிழை என்பது தீர்மானமாகவில்லை. குழாய். தூள். நெற்றி. வாய். மூன்று பொட்டலம். குழந்தை.

முப்பது வருடம் பிள்ளைகளின் குற்றங்களைக் கேட்டுப் பழகியவர், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கடைசியில், "வாயிலுமா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம்தான்" என்றார் அண்ணை.

"அந்தப் பொட்டலங்களில் ஒன்றாவது பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறதா?"

இருந்தது. என் லாச்சியில், திகதியோடு. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணை என் திகதிப் பைத்தியத்துக்கு நன்றி சொன்னார். அதை ஈரப்படுத்தாமல், திறக்காமல், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மறுநாள் காலையில் கொண்டுவரச் சொன்னார் தலைவி. ஆய்வுகூடத்துப் படிவத்தில் மாதிரி எதிலிருந்து எடுத்தது என்று பெட்டிகள் இருந்தன. கூரை, தரை, குழாய், பூச்சு, வேறு. தலைவி "வேறு" என்பதில் அடையாளமிட்டு, கீழே விளக்கம் எழுதப் பேனையை எடுத்தார்.

"இது அடிப்படையில் என்ன?"

"சாம்பல்" என்றேன்.

"எதை எரித்த சாம்பல்?"

அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். "மாட்டுச் சாணம்" என்றேன்.

பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது.

வீட்டில் சொல்லவேண்டிய வேலை மிச்சமிருந்தது. அதற்கும் என்னையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். நெற்றியில் அதே திருநீறு.

"இஞ்சேருங்கோ, நான் அங்க ஒரு வயதுபோன ஆளைத் தொடமுதல் கையுறை போடுறன். நீங்கள் நஞ்சைக் கொண்டந்து சாமித்தட்டில வச்சிருக்கிறியள்?"

"நஞ்சோ இல்லையோ எண்டு இன்னும் தெரியாது."

"தெரியாத சாமானைத்தான் பச்சைப் பிள்ளைக்குப் பூசினனானே?" என்றார். பிறகு நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "துடைக்கலாமோ, தம்பி? இல்லை தண்ணியால கழுவுறதோ?"

"கழுவுங்கோ அக்கா. பறக்கவிடாமல்."

பிறகு மகளுக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் போட்டார்கள். அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு டெனிஷில் கேட்ட கேள்விகள் எல்லாம் கச்சிதமானவை. எவ்வளவு தூள், எந்த நாள், அந்த நாள் போட்டிருந்த ஜக்கெட் எது, அதே ஜக்கெட்டோடுதான் பிள்ளையைத் தூக்கினீர்களா. அண்ணை தமிழில் பதில் சொன்னார். அதே ஜக்கெட்தான்.

"சரி. பொட்டலத்தை மூடி பல்கனியில் வைக்கிறேன். நாளைக்கே பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் தாதியிடம் கேட்கிறேன். ஆய்வு முடிவு வரும்வரை நீங்கள் வரவேண்டாம் அப்பா."

"நான் குளிச்சிட்டு வாறன், பிள்ளை. புது உடுப்பு..."

"முடிவு வரட்டும்" என்றாள், இந்தத் தடவை தமிழில். போன் வைக்கப்பட்டது.

எட்டு நாள் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் புரொண்பிக்கு ரயிலேறுவதை அண்ணை ஒரு உத்தியோகம்போல ஆரம்பித்திருந்தார். அந்த ஞாயிறு போகமுடியவில்லை. காலையில் என் வீட்டு வாசலில் நின்றார்.

"உன்ர பெட்டியில அந்தக் குழாயைப் பற்றி ஒண்டும் இல்லையே? எப்ப சுத்தினது, என்னத்தால சுத்தினது?"

முழு நாளும் தேடினோம். மேசை, கட்டில், தரை எல்லாம் போட்டோப் பிரதிகள். போர்க்காலத்துப் பதிவேடுகளில் மாணவர்களின் பிழைகள்தான் அதிகம். ஒருவன் வால்வைத் தப்பாகத் திறந்தான். ஒருவன் சூப்புப் பானையைக் கவிழ்த்தான். ஒருவனுக்கு மூழ்கத் தொடங்கியதும் விக்கல் வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு, படகு வகுப்பறையாக இருந்த காலத்துத் திருத்த வேலைப் பட்டியல் ஒன்றில் அந்த வரியைக் கண்டேன்: பின்புறப் புகைக்குழாயின் சுற்று புதுப்பிக்கப்பட்டது.

அண்ணை துள்ளி எழுந்தார். "புதுப்பிக்கப்பட்டது! அப்ப பழைய அஸ்பெஸ்டஸ் போட்டுது!"

"என்னத்தால புதுப்பிச்சவை எண்டு எழுதேல்லை. அந்தக் காலத்தில திரும்பவும் அதாலேயே சுத்தியிருப்பினம்."

"ஒரு சொல்லும் எழுதேல்லையே?"

"இல்லை."

"எழுதினவன் உன்னை மாதிரி ஆளில்லை" என்றார். அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போன பிறகு, என் கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து, யாரையும் கொல்லாத போர்க்கப்பல் என்ற வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இடையில் இருவரும் குடும்ப வைத்தியரிடமும் போனோம். ஒரே தடவை, சிறிய அளவு. பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் குறித்துவைக்கிறேன் என்றார். அஸ்பெஸ்டஸால் உண்டாகும் நுரையீரல் நோய்கள் வருவதென்றால் பல பத்தாண்டுகள் எடுத்துத்தான் வரும் என்றும் விளக்கினார்.

"அப்ப எனக்கு நூறு வயசில வரும்" என்றார் அண்ணை வெளியே வந்ததும். "உனக்குத் தொண்ணூறில." பத்தடி நடந்த பிறகு நின்றார். "பேத்திக்கு முப்பதில."

வைத்தியர் சொன்னதைக் கொப்பியில் எழுதினேன், அந்தக் கணக்கை எழுதவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தலைவி மின்னஞ்சலை எனக்கு அனுப்பினார். களஞ்சியத்தில் பஞ்சுப் பெட்டிகளின் நடுவே நின்று படித்தேன். முன்பக்கச் சூடாக்கிக் குழாய்: அஸ்பெஸ்டஸ் உண்டு. பின்புறப் புகைக்குழாய், உட்சுற்று: அஸ்பெஸ்டஸ் உண்டு. அந்த வரியை மறுபடி படித்தேன். புகைக்குழாய், வெளிப்பூச்சு: கண்டறியப்படவில்லை. வேறு, மாட்டுச்சாணச் சாம்பல், வெளிப்பூச்சின் சுண்ணாம்புத் தூள் கலந்தது: கண்டறியப்படவில்லை.

அண்ணைக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இல்லை எண்டு போட்டிருக்கோ?"

"கண்டறியப்படேல்லை எண்டு போட்டிருக்கு."

"அதுக்கு இல்லை எண்டுதானே அர்த்தம்?"

"அவையின்ர கருவிக்கு அம்பிடேல்லை எண்டு அர்த்தம். குழாயின்ர உள்ளுக்கு இருக்கு. நீங்கள் அடிச்சதில வெளிப்பூச்சுத்தான் கொட்டியிருக்கு. இன்னும் ரெண்டு அடி அடிச்சிருந்தால் தெரியாது."

"தம்பி, உனக்கு ஒரு நல்ல செய்தியை நல்ல செய்தியாச் சொல்ல வராதே?"

"பிள்ளைக்குப் பூசின திருநீற்றில அஸ்பெஸ்டஸ் இல்லை, அண்ணை" என்றேன். மறுமுனையில் ஒரு கதிரை இழுபட்டுச் சத்தம் கேட்டது. யாரோ அதில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

அக்கா அந்தத் திருநீற்றைத் திரும்பச் சாமித்தட்டில் வைக்க ஒப்பவில்லை. சந்தேகப்பட்ட பொருள் சந்தேகப்பட்ட பொருள்தான். அண்ணை கொமூனின், அதாவது நகரசபையின், கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே நின்றவன் எரியக்கூடியதா எரியாததா என்று கேட்டான். ஏற்கெனவே எரிந்தது என்றார் அண்ணை. அவன் யோசித்து ஒரு கொள்கலனைக் காட்டினான். உடைந்த கக்கூஸ் கோப்பைகள் கிடந்த கொள்கலன். திருநீற்றை அதற்குள் போட அண்ணைக்குக் கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து வீட்டுப் பின்வளவில் அப்பிள் மரத்தடியில் நீரோடு கரைத்துவிட்டார்.

மகள் அறிக்கையைத் தானே முழுதாகப் படிக்கவேண்டும் என்றாள். அனுப்பினோம். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒற்றை வரி வந்தது, டெனிஷில்: ஞாயிறு வாருங்கள், அந்த ஜக்கெட் வேண்டாம்.

அண்ணை என்னையும் வரச் சொன்னார். கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கொப்பியோடு ஆள் வேண்டுமாம். அந்த ஜக்கெட்டை அவர் ஏற்கெனவே எறிந்துவிட்டார். ரயிலில் மெல்லிய புதுச் சட்டை ஒன்றோடு, பிரித்த மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு இருந்தார். தலைவியிடமிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். உரிமம் பெற்ற கம்பனி ஒன்று வந்து சுற்றுகளை அகற்றும்வரை படகு மூடப்பட்டிருக்கும். திறப்பை அவரே வைத்திருக்கலாம், ஆனால் இனி எஞ்சினுக்குச் செய்யும் எந்தச் சடங்கையும் சங்கத்துக்கு ஒரு கிழமை முன்னதாக அறிவிக்கவேண்டும், சங்கத்தில் எல்லாரும் பார்க்க விரும்புகிறார்கள்.

"ஒன்பது பேருக்கு வடை சுடோணும்" என்றார் எதிர் இருக்கையில் இருந்த அக்கா, யன்னலைப் பார்த்தபடி. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் அண்ணையோடு பேசிய முதல் வசனம் அது.

புரொண்பியில் மூன்றாம் மாடி. மகள் கதவைத் திறந்தாள். தகப்பனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அண்ணை போய் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தார், சத்திரசிகிச்சைக்குப் போகும் டொக்டர்போலக் கைகளை முன்னால் தூக்கிக்கொண்டு. கதிரையில் உட்காரவைத்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினார். பிள்ளை அவரை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. முகம் சுருங்கியது. தும்மியது.

ஒருவரும் அசையவில்லை. அண்ணை பிள்ளையைக் கைநீட்டிய தூரத்தில், சுடுசட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அக்காவின் கை வாயில் இருந்தது. பிள்ளை இரண்டாம் தரமும் தும்மியது, முன்னதைவிடப் பலமாக.

"இவளின்ர தகப்பனுக்குத் தடிமன், ஒரே சளி" என்றாள் மகள். "நாலு நாளா. வீடு முழுக்க."

மருமகன் குசினிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப்பார்த்து, "மன்னிக்கவேணும் மாமா" என்றான்.

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு மகள். அண்ணை சிரிக்கவில்லை. பிள்ளையை மெதுவாக இழுத்துப் புதுச் சட்டையின் மேல் சாய்த்துக்கொண்டார். அது சட்டைப் பொத்தான் ஒன்றைக் கண்டுபிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அவர் பொத்தானைக் கையால் மூடினார். அது விரலைப் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறி, பால் ஆடை படிந்து, மறுபடி சூடாக்கி, மறுபடி ஆறியது. நாங்கள் திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அண்ணை அடுத்த ரயில் எத்தனைக்கு என்று கேட்டார்.